ஐம்பது டாலர் வேலை: வில்லி லோமனை வகுப்பில் படித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவிபெறும் கல்லூரியில், முதுகலை ஆங்கில இலக்கிய வகுப்பில் நடந்தது இது. மாணவர்களில் பாதிக்கு மேல் வீட்டின் முதல் பட்டதாரிகள், தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள். அமெரிக்க இலக்கியத் தாளில் நாடகப் பகுதிக்கு ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ வைக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கியம் படித்த பலருக்கு இது பழகிய பெயர்தான். பழக்கம் பெரும்பாலும் கைடு வழியாக.

நாடகம் 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் மொராஸ்கோ அரங்கில் எலியா கஸான் இயக்கத்தில் மேடையேறியது. 742 காட்சிகள் ஓடியது, அந்த ஆண்டின் புலிட்சர் பரிசையும் பெற்றது. கதை சிக்கலானதல்ல. புரூக்ளினில் வசிக்கும் 63 வயது ஊர்சுற்றும் விற்பனையாளர் வில்லி லோமன். காரோட்டத் தெம்பில்லை, பழைய வாடிக்கையாளர்கள் செத்துப்போனார்கள் அல்லது ஓய்வு பெற்றுவிட்டார்கள். மூத்த மகன் பிஃப் 34 வயதாகியும் எதிலும் நிலைக்கவில்லை, இளையவன் ஹேப்பி பெண்களோடு சுற்றுகிறான். ஒரே ஒரு நாளில் வில்லிக்கு வேலை போகிறது, மகன் மேல் வைத்த கடைசி நம்பிக்கையும் போகிறது. அன்றிரவு 20,000 டாலர் காப்பீட்டுத் தொகை குடும்பத்துக்குக் கிடைக்கட்டும் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அதன் பிறகு வருவது கல்லறைக் காட்சி மட்டும்.

முதல் வாரம் கண்டது

பாடம் தொடங்கும் முன் எல்லோரையும் ஒருமுறை படித்துவிட்டு வரச் சொல்லி, “வில்லியை அழித்தது எது?” என்று அரைப்பக்கம் எழுதச் சொன்னேன். வந்த பதில்கள் இரண்டு மூட்டையாகப் பிரிந்தன. ஒரு மூட்டை வீட்டுத் திண்ணைத் தீர்ப்பு: பொய் பேசுகிறவர், பாஸ்டனில் இன்னொரு பெண்ணோடு தொடர்பு வைத்திருந்தவர், மகன் திருடியதைக் கண்டிக்காமல் சிரித்தவர், பட்டார். இன்னொரு மூட்டை கைடின் வாசகம்: முதலாளித்துவம், நுகர்வுக் கலாச்சாரம், அமெரிக்கக் கனவின் வீழ்ச்சி. வாசகங்கள் வரிக்கு வரி ஒன்றாக இருந்ததில் எந்தக் கைடு என்றுகூடச் சொல்லிவிட முடிந்தது.

இரண்டுமே தவறில்லை. ஆனால் இரண்டிலும் நாடகத்தில் நடக்கும் ஒரு செயல்கூட இல்லை. யார் யாரிடம் என்ன கேட்டார், எவ்வளவு கேட்டார், என்ன கிடைத்தது என்பது ஒருவர் தாளிலும் வரவில்லை. இன்னொன்றும் கவனத்துக்கு வந்தது: கிட்டத்தட்ட எல்லோருமே வில்லியின் மனைவி லிண்டாவை ‘பொறுமையின் வடிவம்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

எடுத்த முடிவும் காரணமும்

வழக்கமாக இந்தப் பாடம் அரிஸ்டாட்டிலில் தொடங்கும். துன்பியல் நாயகன் யார், அவன் குறை எது, சாமானியன் ஒருவன் அப்படி ஆக முடியுமா என்று போகும். நாடகம் மேடையேறிய அதே மாதத்தில் மில்லரே இந்தக் கேள்விக்கு நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்பதால் அது நல்ல தொடக்கமும்கூட. இந்த முறை அதைத் தள்ளிவைத்தேன். முதலில் லோமன் குடும்பத்தின் வரவு செலவை எழுதுவது, அப்புறம்தான் கோட்பாடு.

காரணம் ஒன்று: எங்கள் மாணவர்களுக்குத் தவணை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மாதச் சீட்டு, நகைக்கடன், வண்டித் தவணை எல்லாம் வீட்டில் தினம் காதில் விழுபவை. காரணம் இரண்டு: இந்த நாடகம் எண்களால் நிரம்பியது. மில்லரின் அப்பா பெண்களுக்கான மேலங்கி தயாரிக்கும் தொழில் நடத்தியவர். 1929 வீழ்ச்சியில் தொழில் நொடித்து, குடும்பம் மன்ஹாட்டனிலிருந்து புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தது. காசு எண்ணும் வீட்டைப் பற்றி எழுத அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

துறையில் ஒருவர், “இலக்கிய வகுப்பா, காமர்ஸ் வகுப்பா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கணக்கோடு வாசிப்பும் சேர்ந்தே நடக்கும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் வீட்டின் சுவர்களை வரைந்தோம். நிகழ்காலக் காட்சியில் வாசலுக்கென்று விட்ட இடைவெளி வழியாக மட்டுமே நடக்க வேண்டும், வில்லியின் நினைவில் நடக்கும் காட்சியில் சுவரைத் தாண்டி நடக்கலாம். இது மில்லரின் மேடைக்குறிப்பிலேயே உள்ள ஏற்பாடு. நாடகத்துக்கு அவர் முதலில் யோசித்த தலைப்பே ‘அவன் தலைக்குள்’ என்ற பொருளில்தான் இருந்தது.

கரும்பலகைக் கணக்கு

முதலில் எடுத்தது, பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்து நினைவுக் காட்சி. வில்லி பயணத்திலிருந்து திரும்புகிறார். பிராவிடென்ஸில் 500 கிராஸ் (ஒரு கிராஸ் என்பது பன்னிரண்டு டஜன்), பாஸ்டனில் 700 கிராஸ் விற்றேன் என்கிறார். லிண்டா பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டு, கமிஷன் 212 டாலர் என்கிறாள். வில்லி தயங்குகிறார். பிராவிடென்ஸில் சுமார் 180 என்கிறார், பிறகு அதையும் மாற்றி, மொத்தப் பயணத்துக்கும் சேர்த்தே 200 கிராஸ் இருக்கும் என்கிறார். லிண்டா மறுபடி கணக்குப் போடுகிறாள். 70 டாலரும் சில சென்ட்டும். “ரொம்ப நல்லது” என்கிறாள்.

இளங்கலையில் காமர்ஸ் படித்துவிட்டு வந்த ஒரு மாணவி இங்கேயே நிறுத்தினார். 1,200-க்கு 212 என்றால் 200-க்கு 35 தானே வர வேண்டும், 70 எப்படி வந்தது? மில்லர் கணக்கில் கோட்டை விட்டாரா, இல்லை கமிஷன் விகிதம் வேறு வேறா? நாடகத்தில் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்ட நிமிடத்திலிருந்து வகுப்பு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டது.

வரவு 70. செலவைக் கரும்பலகையில் எழுதினோம். ஃப்ரிட்ஜுக்கு 16, சலவை இயந்திரத்துக்கு 9.60, வாக்குவம் கிளீனருக்கு 3.50, கூரை வேலைக்கு நிற்பது 21, கார்புரேட்டர் சரிசெய்தவருக்கு 3.50, இன்னும் சில்லறைப் பாக்கிகள். பதினைந்தாம் தேதிக்குள் எல்லாம் சேர்த்து 120 டாலர் வரும் என்கிறாள் லிண்டா. அதாவது, பொற்காலம் என்று வில்லி கடைசிவரை நினைத்து ஏங்கும் காலத்திலேயே 50 டாலர் துண்டு விழுகிறது. பிற்காலத்தில் முதலாளி ஹோவர்டிடம், 1928-ல் வாரத்துக்குச் சராசரியாக 170 டாலர் கமிஷன் எடுத்தேன் என்று வில்லி சொல்கிறார். நீங்கள் ஒருபோதும் அப்படி எடுத்ததில்லை என்று ஹோவர்ட் மறுக்க வாயெடுக்கிறான், வில்லி விடவில்லை.

இந்தக் கணக்கில் முக்கியமானது தொகை அல்ல, பென்சில் யார் கையில் இருக்கிறது என்பது. லிண்டாவுக்கு உண்மையான எண் தெரியும். அவளே கூட்டிப் பார்க்கிறாள். ஆனாலும் முதல் எண் ஏன் சொன்னீர்கள் என்று கேட்பதில்லை. நிகழ்காலத்திலும் அப்படியே. வில்லி ஐந்து வாரமாகச் சம்பளமில்லாமல், வெறும் கமிஷனில் இருக்கிறார். பக்கத்து வீட்டு சார்லியிடம் வாரம் 50 டாலர் கடன் வாங்கி வந்து சம்பளம் என்று நீட்டுகிறார். அவளுக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கார் விபத்துகள் விபத்துகள் அல்ல என்று காப்பீட்டு ஆய்வாளர் சொன்னதும் அவளுக்குத் தெரியும். உயிரை மாய்த்துக்கொள்ள அவர் ஒளித்து வைத்திருக்கும் ஒரு பொருளைத் தினமும் எடுத்துவிடுகிறாள், அவர் வீடு திரும்பும்போது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறாள். ஏன் என்று மகன்களிடம் அவளே சொல்கிறாள்: அவரை எப்படி அவமானப்படுத்துவது?

வகுப்பு இரண்டு பட்டது இங்கேதான். பெண்களில் சிலர் லிண்டா மேல் கோபப்பட்டார்கள். “அவர் மானத்தைக் காப்பாத்தறேன்னு அவர் உயிரைக் கோட்டை விட்டுட்டாங்க சார்” என்றார் ஒருவர். இன்னொருவர் கடுமையாக மறுத்தார்: கேட்டிருந்தால் அன்றைக்கே போயிருப்பார், தள்ளிப்போட்டவள் அவள்தான். இரண்டு வாதத்துக்கும் நாடகத்தில் இடம் உண்டு. எனக்கு முதல் வாதம் பக்கம் சாய்வு. வில்லியின் அழிவை அவர் ஒருவரின் மனநோயாகப் பார்த்தால் நாடகம் சுருங்கிவிடுகிறது. அந்த வீடே சேர்ந்து ஒரு பொய்யைப் பராமரிக்கிறது, அதில் அன்புள்ளவர்களுக்குத்தான் வேலை அதிகம்.

ஹேப்பியைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. பணம் கொடுத்தேனே என்கிறான். கிறிஸ்துமஸுக்கு 50 டாலர், சுடுநீர் அமைப்பைப் பழுதுபார்க்கவே 97.50 ஆனது என்கிறாள் அம்மா. அதைப் படித்ததும் வகுப்பில் பலர் சிரித்தார்கள், அவரவர் அண்ணன் நினைவுக்கு வந்திருக்கலாம். இன்னொரு சின்ன விஷயம்: வில்லி கம்பெனிக்கு 34 வருஷம் உழைத்ததாகச் சொல்கிறார், லிண்டா 36 என்கிறாள். அந்த வீட்டில் எந்த எண்ணும் இருவர் வாயில் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரே ஐம்பது

இரண்டாம் அங்கத்தில் வில்லி ஹோவர்டின் அறைக்குப் போகிறார். ஊர்சுற்றாமல் நியூயார்க்கிலேயே ஒரு வேலை கேட்கிறார். வாரம் 65 டாலர் போதும் என்கிறார், பிறகு 50 என்கிறார், பிறகு 40. இந்த மூன்று எண்களும் வருவதற்கு முன்னால் ஹோவர்ட் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டிக்கொண்டிருக்கிறான். விலை 150 டாலர். அவனுடைய ஐந்து வயது மகன் மாநிலத் தலைநகரங்களை ஒப்பிக்கும் குரல் அதில் ஓடுகிறது. வேலை கிடைக்கவில்லை. இருந்த வேலையும் அந்த அறையிலேயே போகிறது.

அங்கிருந்து நேரே சார்லியின் அலுவலகம். காப்பீட்டுப் பிரீமியம் 108.68 கட்டியாக வேண்டும், சலுகைக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. 110 டாலர் கடன் கேட்கிறார். சார்லி சொல்கிறான்: என்னிடம் வேலைக்கு வா, வாரம் 50 தருகிறேன், ஊர் ஊராக அனுப்ப மாட்டேன். வில்லி மறுக்கிறார்.

இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வாசிக்க வைத்து, இரண்டு 50-ஐயும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். சற்றுமுன் ஒருவனிடம் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காத அதே தொகை, அதே நிபந்தனை, இன்னொருவனிடம் கேட்காமலே வருகிறது. ஏன் வேண்டாம் என்கிறார்?

முதலில் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து, “பங்காளி கடையில கல்லாவுல உட்கார்றதுக்கு வெளியூர்ல மூட்டை தூக்கலாம்னு எங்க தாத்தா சொல்வார் சார்” என்று ஒரு குரல். அதற்கப்புறம் விவாதத்தை நான் நடத்த வேண்டியிருக்கவில்லை. சார்லியின் வேலையை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று அவர்களே பிரித்தார்கள். சார்லி ஆள் கவர்ச்சியில்லாதவன், மகனிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதவன், கையில் ஒரு சுத்தியல் பிடிக்கத் தெரியாதவன் என்று வில்லி ஆயுள் முழுக்க எள்ளியிருக்கிறார். அவன் மகன் பெர்னார்ட் புத்தகப்புழு, பிஃப் மைதானத்து ராஜா. இப்போது சார்லியிடம் சம்பளம் வாங்கினால் தோற்றுப்போனது ஒரு வேலை மட்டும் அல்ல. ஆள் பிடித்துப்போனால் உலகம் கதவைத் திறக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மொத்தமும் தவறு என்று கையெழுத்துப் போட வேண்டும். கடன் வாங்கலாம், கடன் ‘திருப்பித் தந்துவிடுவேன்’ என்ற கற்பனையை உயிரோடு வைக்கும். சம்பளம் வைக்காது. சாலையில் அலைந்த இத்தனை வருஷத்துக்குப் பிறகு உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் மதிப்பு அதிகம் என்று வில்லி சொல்வது இந்த அறையில்தான். செத்தவனுக்கு எந்த மதிப்பும் இல்லை என்று சார்லி திருப்பிச் சொல்கிறான்.

அமெரிக்கக் கனவு என்ற சொற்றொடரை வகுப்புக்குள் கொண்டுவர இதுவே இடம் என்று பட்டது. ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1931-ல், பொருளாதார மந்தத்தின் நடுவில், அதைப் பரவலாக்கினார். ஒவ்வொருவரும் தத்தம் திறமைக்கேற்ப வளமாகவும் நிறைவாகவும் வாழ முடிகிற நாடு என்பது அவர் பொருள். காரும் அதிகச் சம்பளமும் மட்டும் அல்ல என்றும் அவரே சொல்லியிருக்கிறார். வில்லியிடம் இருப்பது அதுவல்ல. ஒரு பக்கம் அண்ணன் பென், பதினேழு வயதில் காட்டுக்குள் போய் இருபத்தொன்றில் பணக்காரனாக வெளியே வந்தவன். இன்னொரு பக்கம் டேவ் சிங்கிள்மன், 84 வயதிலும் விடுதி அறையில் பச்சை வெல்வெட் செருப்போடு உட்கார்ந்து தொலைபேசியிலேயே விற்ற கிழவர். இரண்டு கதையிலும் நடுவில் என்ன நடந்தது என்பது காணோம். வில்லி கண்டது முடிவுகளை மட்டும்.

ஒரு மாணவர் இதற்கு நேரெதிராக நின்றார். கனவு தோற்கவே இல்லை சார், பெர்னார்ட் உச்ச நீதிமன்றத்தில் வாதாடப் போகிறான், படித்தவன் ஜெயித்தான், இது படிக்காதவனின் கதை என்றார். வலுவான எதிர்ப்பு. கிட்டத்தட்ட இதே வாதத்தை 1951-ல் ஹாலிவுட்டும் வைத்தது. நாடகம் படமானபோது, விற்பனைத் தொழில் எவ்வளவு நல்லது என்று காட்டும் குறும்படம் ஒன்றைக் கூடவே ஓட்ட ஸ்டூடியோ முயன்றது, மில்லர் எதிர்த்தார். நான் மாணவரிடம் கேட்டது ஒன்றுதான்: பெர்னார்ட் ஜெயித்ததால் 63 வயதில் சம்பளம் நிறுத்தப்பட்டவருக்கு என்ன ஆனது? அமெரிக்காவில் அரசின் முதுமைக்கால ஓய்வூதியம் அன்று 65 வயதில்தான் தொடங்கியது. இன்னும் இரண்டு வருஷம் அவர் எதைத் தின்பது? மாணவர் ஒப்புக்கொள்ளவில்லை. சேமித்திருக்க வேண்டும் என்றார்.

வாசிக்காமல் நின்ற மாணவர்

ஹோவர்ட் காட்சியில் வில்லி பகுதியை வாசிக்க வேண்டிய மாணவர், 40 டாலர் என்ற இடம் வருவதற்குமுன் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். வேறொருவர் தொடர்ந்தார். வகுப்பு முடிந்ததும் தனியே பேசினேன். அவர் அப்பா பூச்சிமருந்து விற்பனைப் பிரதிநிதி. நிறுவனம் நிலையான சம்பளத்தை நிறுத்திக் கமிஷனுக்கு மாற்றியிருந்தது. வீட்டில் அது பற்றிப் பேச்சே இல்லை, அம்மா மட்டும் யாரிடமோ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

இங்கே எடுத்த முடிவுகள் எளிமையானவை. அவரை வாசிப்பிலிருந்து விடுவித்து, விரும்பினால் கணக்கு எழுதும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சம்மதத்தோடு கல்லூரி ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். அவர் பெயரோ காரணமோ வராமல், அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் 104, டெலி மனஸ் 14416 ஆகிய உதவி எண்களைப் பலகையில் எழுதினேன். தற்கொலை வரும் பாடங்களுக்கு இது வழக்கமாக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். கல்லறைக் காட்சியைக் குரலெடுத்து வாசிப்பதைக் கைவிட்டு, பேசி முடித்துக்கொண்டோம்.

அந்த மாணவர் கணக்கை எடுத்துக்கொண்டார். இன்டர்னல் கட்டுரையில் ஹோவர்ட் காட்சியைத்தான் எழுதினார். ஒலிப்பதிவுக் கருவியின் விலை, வில்லி கடைசியாகக் கேட்ட வாரச் சம்பளத்தில் ஏறக்குறைய நான்கு வாரத்துக்குச் சமம் என்று கண்டுபிடித்திருந்தார். தனியாக விடப்பட்ட வில்லி தெரியாமல் கருவியை ஓடவிட்டு, நிறுத்தத் தெரியாமல் பதறும்போது, அறைக்குள் நிற்காமல் பேசிக்கொண்டிருப்பது ஒரு மகனின் குரல் என்றும் எழுதியிருந்தார்.

விளைவு

வகுப்பில் நடந்தது ஒன்று, தேர்வில் நடந்தது இன்னொன்று. செமஸ்டர் வினாத்தாளில் வந்தது வழக்கமான கேள்வி: வில்லி லோமன் துன்பியல் நாயகனா? விடைத்தாள்கள் பல கைடுக்கே திரும்பின. மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது என்று அவர்கள் நினைத்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சிலர் இரண்டு 50 டாலரையும் வைத்தே விடையைக் கட்டியிருந்தார்கள். குறையை வில்லியின் குணத்தில் தேடாமல், அவர் ஏற்க மறுத்த வேலையில் காட்டியிருந்தார்கள். கோட்பாட்டைப் பிறகு படித்ததால் அது அவர்களுக்குக் கைவசமாகியிருந்தது.

கல்லறையில் பிஃப், அப்பாவின் கனவுகள் எல்லாமே தவறு என்கிறான். ஹேப்பி, நல்ல கனவு, முதல் ஆளாக வருவதைத் தவிர வேறு கனவே கிடையாது என்கிறான். வகுப்பில் ஹேப்பி பக்கம் பேச யாரும் வரமாட்டார்கள் என்று எதிர்பார்த்தேன். போட்டித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மூன்று நான்கு பேர் வந்தார்கள், நன்றாகவும் பேசினார்கள்.

மாற்ற நினைப்பவை

அடுத்த முறை “எது அழித்தது?” என்ற கேள்வியோடு தொடங்கப் போவதில்லை. அது தீர்ப்புச் சொல்லத் தூண்டுகிறது. சார்லியின் அலுவலகக் காட்சியை முதல் வகுப்பிலேயே தனியாகக் கொடுத்து, இந்த மனிதர் ஏன் மறுக்கிறார் என்று ஊகிக்கச் சொல்வேன். நாடகம் முழுக்க அதற்கு விடை தேடும் வாசிப்பாக அமையும்.

வில்லியின் கைவேலையைப் பற்றி இம்முறை போதுமான நேரம் தரவில்லை. வீட்டு முன்படிக்கட்டைக் கட்டியது, வரவேற்பறைக்கு உட்கூரை போட்டது, இரவில் டார்ச் விளக்கோடு கேரட் விதை ஊன்றுவது. அவர் விற்ற எல்லாவற்றையும்விட அந்தப் படிக்கட்டில்தான் அவர் அதிகம் இருக்கிறார் என்கிறான் பிஃப், சிமெண்ட் கலவை கையில் இருந்தால் சந்தோஷமாக இருப்பார் என்கிறான் சார்லி. கொத்து வேலை, தச்சு வேலை செய்கிற அப்பாக்களின் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இதைத்தான் முதலில் எடுத்திருக்கலாம். கைவேலை தெரிந்த ஒருவர் ஏன் அதைத் தொழிலாக எண்ணவே இல்லை என்ற கேள்விக்கு அவர்களிடம் என்னைவிட நல்ல பதில் இருக்கும்.

உதவி எண்களும் விலகிக்கொள்ளும் உரிமையும் முதல் நாளே சொல்லப்படும்.

காப்பீட்டுத் தொகை கிடைத்ததா என்பது வகுப்பில் முடியாமலே நின்றது. பாலிசித் தொகையைத் தராமல் போகலாம் என்று வில்லியின் கற்பனையில் வரும் பென் முன்பே எச்சரிக்கிறான், அதற்கு மேல் நாடகம் ஒன்றும் சொல்வதில்லை. கல்லறையில் லிண்டா காப்பீட்டைப் பற்றிப் பேசுவதில்லை, வீட்டுக்கடனின் கடைசித் தவணையைக் கட்டியதைத்தான் சொல்கிறாள். காப்பீட்டு முகவர் ஒருவரின் மகள் இங்குள்ள தற்கொலை விதியை விளக்கினார்: பாலிசி தொடங்கி முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் என்றால் முழுத்தொகை கிடைக்காது. வில்லியின் பாலிசி எந்த வருஷத்தது என்று தேடிப் பார்த்தார்கள். புத்தகத்தில் இல்லை.